கையிருப்பில் இல்லாத மூன்று லட்சம்

பாப்பா,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய தாளை, நான் வேலை பார்க்கும் மில்லில் அச்செடுத்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கையிருப்பு என்று தலைப்புப் போட்டு மேலே மூன்று வரி எழுதியிருக்கிறாய். உன் சேமிப்பு இரண்டு லட்சம். நகைக்கடன் ஒரு லட்சம். அய்யா தருவது மூன்று லட்சம். அந்த மூன்றாவது வரி உண்மையில்லை. அந்தப் பணம் என்னிடம் இல்லை. இன்றைக்கு என் வங்கிக் கணக்கில் இருப்பது பதினோராயிரத்துச் சொச்சம். வருகிற வெள்ளிக்கிழமை நீ தொண்டி பஜாரில் துணிக்கடைக்கு முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் தபாலில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். நீ பேசும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிங்கய்யா" என்று வைத்துவிடுவாய். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு மீதி ஞாயிற்றுக்கிழமையை இந்த அறையில் கழிக்க எனக்குத் தெம்பில்லை.

தாளில் எழுதுவதற்கு முன் நீ என்னிடம் கேட்கவே இல்லை. நம்பி எழுதினாயா, சோதித்துப் பார்க்க எழுதினாயா என்று ஒரு வாரம் யோசித்தேன். நம்பித்தான் எழுதியிருப்பாய். அதனால்தான் இத்தனை நாள் கஷ்டமாக இருந்தது. உன் மகனுக்குத் திருவாடானையில் காதுகுத்து வைத்தோமே, அன்றைக்கு மொய் எழுதும் மேசையில் இருந்த மைக்கில் நான் சொன்ன சொல் அது. உனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் உன் மாமா, உன் அம்மாவின் தம்பி, தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டான். அவன் செய்த செய்முறையை மைக்கில் வரிசையாக வாசித்தார்கள். ஐந்து பவுன், கட்டில், சைக்கிள், ரொக்கம். வாசித்து முடித்ததும் கூடியிருந்தவர்கள் எல்லாம் தாத்தாக்காரன் என்ன செய்யப் போகிறான் என்று என்னைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் பந்திக் கதவின் மேல் இருந்திருக்கும். நான் எழுந்து போய் மைக்கை வாங்கி, "எம் மக கடை வைக்கணும்னு ஆசப்படுறா. அவ கடை வைக்கிற அன்னைக்கு மூணு லட்சம் நான் தாரேன்" என்றேன். உன் மாமா உட்கார்ந்த இடத்தில் இருந்தே கேட்டான்: "ரொக்கமாவா, செக்காவா மச்சான்?" மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பையனுக்கு மிட்டாய் ஊட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் பார்த்தேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன் என்றால், உன் பெரியப்பா நிலத்தைப் பங்கு பிரிப்பார், என் பங்கை விற்கலாம் என்று. பல வருடமாகப் பிரிக்கப் போகிறார். கண்மாய்க்குப் பக்கத்து வயல்களைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, கருவேலம் மண்டிய தரிசை எனக்குக் காட்டுகிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நானும் இருக்கிறேன். வரும் என்று நம்பும் பணத்தை ஒரு மாதத்தின் பெயர் போட்டு எழுத முடியவில்லை என்றால், அதைத் தாளில் எழுதவே கூடாது. எம்.காம். வகுப்பில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

என் செக் திரும்பியது உனக்குத் தெரியும். எதனால் திரும்பியது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. உன் மாமா ஒரு மாதிரி சொல்லியிருப்பான், நான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணம் முடிந்து அதே தொண்டியில் நான் துணிக்கடை போட்டபோது நீ மாப்பிள்ளை வீட்டில் புதிது, கணக்கு வழக்கெல்லாம் உன்னிடம் பேசியதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்த அதே இடம் உன் தாளிலும் இருக்கிறது.

அந்த ஊரில் துணி வாங்குகிறவர்கள் மூன்று தரப்பு. வளைகுடாவில் ஆள் இருக்கும் முஸ்லிம் வீடுகள். அவர்களுக்கு நோன்பின் கடைசிப் பத்து நாளில் வருடத்தின் பெரிய வியாபாரம். விசைப்படகில் போகும் வீடுகள். ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது. மூன்றாவது, கரையைவிட்டு உள்ளே விவசாயம் பார்க்கும் நம்மைப் போன்ற சம்சாரிகள். நெல்லோ மிளகாயோ மூட்டை வண்டியேறிய பிறகுதான் கடைப் படி ஏறுவார்கள். இதில் தடைக்காலம் வருடா வருடம் அதே தேதியில் வரும். அறுவடை கொஞ்சம் முன்னே பின்னே போகும். நோன்புப் பெருநாள் மட்டும் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். இது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் தாளுக்குத் தெரியாது.

முதல் வருடம் பெருநாள் மே தொடக்கத்தில் வந்தது. தடைக்காலம் நடந்துகொண்டிருந்தும் கல்லாவில் கூட்டம். மே நல்ல மாதம் என்று எழுதிக்கொண்டேன். இரண்டாம் வருடம் பெருநாள் ஏப்ரலுக்குள் வந்துவிட்டது, மே மாத வசூல் இறங்கியது. மூன்றாம் வருடத்துக்குத் திட்டம் போடும்போது இரண்டு மே மாதங்களையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி போட்டேன். படிக்காத வியாபாரி எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பக்கத்தில் அத்தர், தொப்பி விற்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார், என் வயதுதான், நான் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். தேநீரோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், போன வருசத்துத் தாளப் பாத்தா எழுதுறீக? எங்க பெருநாள் உங்க மே மாசத்துல உக்காந்திருக்காது சார். அது நடந்து போயிக்கிட்டே இருக்கும்."

"அது எனக்குத் தெரியும் பாய். அதுக்குத்தான் சராசரி போடுறது."

"சராசரியாப் பிறை தெரியுமா சார்?"

அப்புறம் ஒரு மாதம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாம் வகுப்போடு நின்ற மனிதர் என் படிப்பைக் கிண்டல் செய்துவிட்டார் என்று கோபம். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் போகவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே, தடைக்காலம் தொடங்கும் முன்பே வந்துபோயிற்று. வியாபாரம் நன்றாகவே நடந்தது. மதுரை மொத்த வியாபாரியிடம் எடுத்த சரக்குக்கு, வழக்கம்போல மே கடைசி வாரத் தேதி போட்டு இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்குச் செக் கொடுத்திருந்தேன். முதல் வருடம் பெருநாளுக்கும் செக் தேதிக்கும் மூன்று வாரம்தான் இடைவெளி. இப்போது ஆறு வாரத்துக்கு மேல். வியாபாரி கவனிக்காமல் எனக்குக் கூடுதல் தவணை கொடுத்துவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆறு வாரம் அந்தப் பணம் என் கையில் இருந்தது, பாப்பா. கையிலேயே இருந்ததால் என்னுடையது போலத் தெரிந்தது. மேயிலும் சராசரிக்கு விற்கும் என்று தாள் சொன்னது. அப்போதுதான் பரமக்குடியில் உன் மாமா வீடு கட்டிப் பால் காய்ச்சினான்.

அக்கா வீட்டுச் சீர் என்று ஒன்று இருக்கிறதே. உன் அம்மா, "ரெண்டு வெள்ளி விளக்கு, துணிமணி, அது போதும்ங்க" என்றாள். அவர்கள் வீட்டில் என்னைப் படித்த மாப்பிள்ளை என்று சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு சின்னச் சிரிப்பு வரும். இருபத்தைந்து வருடமாக அதைக் கேட்டவன் நான். பீரோ, வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு, இருபத்தொரு தட்டு, முன்னால் மேளம். தெருமுனையிலிருந்து ஊர்வலமாகப் போனோம். கல்லாவில் இருந்து எடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். வாசலில் நின்று உன் மாமா சொன்னான்: "என்ன மச்சான், கடையவே தூக்கிக்கிட்டு வந்துட்டீக போல!" எல்லோரும் சிரித்தார்கள். பெருமையாகச் சொல்கிறான் என்று நானும் சிரித்தேன்.

மே மாதம் ஒரு நாளில் மூன்று துண்டும் ஒரு கைலியும் விற்றது. படகெல்லாம் கரையில். பெருநாள் துணி எடுத்தவர்கள் அடுத்து எதற்கு வருவார்கள்? செக் திரும்பியது. மதுரையிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு போன். உன் மாமாவிடம் பணம் கேட்டேன். மறுநாள் வேனோடு வந்தான். சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான், நான் அவனிடம் வேலைக்கு நிற்பவன் மாதிரி எடுத்துக் காட்டினேன். "பாதி விலைக்கு எடுத்துக்கிறேன் மச்சான். வெளிய இதுகூடத் தர மாட்டாங்க" என்றான். மதுரைக்காரனுக்கு நேரே பணத்தைக் கட்டினான். அதே துணியைப் பரமக்குடியில் தன் கடையில் தீபாவளிக்கு முழு விலைக்கு விற்றான். இரண்டு வாரம் முன்பு நான் கொடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தை, "இந்தாங்க, முதல்ல செக்கப் பாருங்க" என்று திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. அந்த பீரோ இன்னும் அவன் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. இதை நான் உன் அம்மாவிடம் சொன்னபோது, "குடுத்த சீரத் திருப்பிக் கேக்குற வழக்கம் நம்ம சனத்துல எங்கன இருக்கு? செக்கு தேதி அவனுக்கா தெரியும், உங்களுக்குல்ல தெரியும்" என்றாள். அவனை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதம் அதற்காக எழுதியது என்று நினைத்துவிடாதே. அவன் செய்தது அவன் கணக்கு. ஆனால் கல்லாவில் கை வைத்தது நான், சராசரி போட்டதும் நான். இத்தனை நாள் அவன் செய்த பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். மாசிக்குள் கடை திறந்து பெருநாள் வியாபாரத்தைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தது சரி. பெருநாள் மாத விற்பனையைச் சரியாகத்தான் கணித்திருக்கிறாய். ஆனால் அடுத்த மூன்று மாதத்துக்கும் அதிலிருந்து கால்வாசி குறைத்து அப்படியே இழுத்திருக்கிறாய். கால்வாசி குறையாது, பாப்பா. தடைக்காலத்தில் முக்கால்வாசி போகும். இன்னொன்று, மாதக் கட்டமாகப் போடாதே. முதல் ஆறு மாதத்துக்கு வாரக் கட்டமாகப் போடு. மாதத்தைக் கூட்டிப் பார்த்தால் பணம் இருக்கிற மாதிரித் தெரியும், மூன்றாவது வாரம் மின்கட்டணம் கட்டக் காசு இருக்காது. சரக்குக்குச் செக் கொடுத்தால், அந்தச் செக் எந்த வாரம் வங்கிக்குப் போகிறதோ அந்த வாரத்தில் செலவாக எழுது. பெருநாள் முடிந்த மறுநாளே அந்தத் தொகையை வங்கியில் போட்டுவிடு, உன் கையில் வைத்திருக்காதே. யார் வீட்டில் என்ன விசேஷம் வந்தாலும்.

உன் தாளில் ஒரு வரியே இல்லை. வீட்டுச் செலவு. மாப்பிள்ளை சம்பாதிக்கிறார் என்று விட்டிருக்கிறாய். அவர் படகு இன்ஜின் மெக்கானிக். தடைக்காலத்தில்தான் அவருக்கு வேலை அதிகம், எல்லாப் படகும் பிரித்துப் போட்டிருப்பார்கள். கூலி எப்போது வரும்? படகு கடலுக்குப் போய் இரண்டு மூன்று தடவை மீன் இறக்கிய பிறகு. ஆக உன் கடையில் வியாபாரம் இல்லாத அதே இரண்டு மாதத்தில் உன் வீட்டிலும் காசு இருக்காது. அரிசிக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் நீ கல்லாவைத்தான் திறப்பாய். திறப்பது தப்பில்லை. எழுதாமல் திறப்பதுதான் தப்பு. மாதம் எட்டாயிரம் என்று எழுதிவிடு.

என் மூன்று லட்சத்தை அடித்துவிட்டால் உன்னிடம் இருப்பது மூன்று லட்சம். நீ போட்டிருக்கும் செலவு ஐந்து லட்சத்து முப்பதாயிரம். அதாவது வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டால் திறக்கும் முன்பே இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பள்ளம். அதை அடைக்க நீ யாரிடம் போவாய் என்று எனக்குத் தெரியும். பரமக்குடிக்குத்தான் போவாய். அவனும் தருவான், மைக் இருக்கும் இடமாகப் பார்த்து. அதனால் உட்கார்ந்து வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். முன்பணம் ஒரு லட்சம், அதில் குறைக்க முடியாது. அலமாரிக்கும் விளக்குக்கும் எண்பதாயிரம் வேண்டாம். தேவிப்பட்டினத்தில் மூடிய கடை ஒன்றின் சாமான் விலைக்கு வந்திருக்கிறது, எங்கள் மில் டிரைவர் சொன்னார், முப்பதாயிரத்துக்கு முடியும். முதல் சரக்கு மூன்றரை லட்சத்துக்கு வேண்டாம். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பிள்ளைகள் துணியும் நைட்டியும் கைலியும் மட்டும் எடு. பட்டுப் பக்கமே போகாதே. விற்ற காசில் நோன்பின் நடுவில் இன்னொரு தடவை மதுரைக்குப் போய்வா. இப்படிச் செய்தால் செலவு இரண்டு லட்சத்து அறுபதாயிரம். கையில் நாற்பதாயிரம் நிற்கும்.

அந்த நாற்பதாயிரத்தைத் தடைக்காலம் தொடங்கும்வரை தொடாதே. தொடங்கிய பிறகு இரண்டு மாத வாடகை பன்னிரண்டாயிரம், மின்சாரம் மூவாயிரம், நகைக்கடன் வட்டி இரண்டாயிரம், வீட்டுக்குப் பதினாறாயிரம். மொத்தம் முப்பத்து மூவாயிரம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு கைக்குட்டைகூட விற்காவிட்டாலும் உன் கையில் ஏழாயிரம் மிஞ்சும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நான் கடை திறக்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டிருக்க வேண்டும். ஒன்றுமே விற்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வது எனக்கு அபசகுனமாகப் பட்டது. சின்னக் கடையாக இருக்கும். அலமாரியில் பாதி காலியாக இருக்கும். பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும்.

நான் இங்கே திருப்புல்லாணியில் இருப்பது உனக்குத் தெரியும், அறையைப் பார்த்ததில்லை. மாடியில் ஒற்றை அறை. அமாவாசைக்குச் சேதுக்கரைக் கடலில் தீர்த்தமாடப் போகிற கூட்டம் கீழே தெருவில் நாள் முழுக்கப் போகும், குடும்பம் குடும்பமாக. மற்ற நாளில் யாரும் வருவதில்லை. கடன் வேண்டுமா சார் என்று ஒரு பெண் அடிக்கடி போன் செய்கிறாள். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளும் சலிக்காமல் சொல்வாள். போன வாரம் அவளிடம் பேத்தி பேரன் இருக்கிறார்களா என்று கேட்கப்போய், அவளுக்கு இருபத்திரண்டு வயதாம், இன்னும் கல்யாணமே ஆகவில்லையாம். சிரித்துவிட்டாள். உன் ஞாயிற்றுக்கிழமை போனில் பின்னால் குக்கர் விசில் கேட்கும். உன் அம்மா அங்கேதான் நிற்கிறாள் என்று தெரியும். பையனைப் பார்த்துக்கொள்ள வந்தவள். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். அவளை அனுப்பி வை என்று நான் கேட்கவில்லை. கடை திறந்தால் அவள் உனக்கு வேண்டும், தாளில் ஆள் சம்பளம் என்று நீ போடாமல் விட்டது அவளை நம்பித்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. அது மட்டும் சரியான கணிப்பு. அவள் சொன்னால் சொன்னபடி வருகிறவள். அதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தை நீ மாப்பிள்ளையிடம் காட்டலாம். உன் மாமாவிடம் காட்டினாலும் சரி. மூன்று லட்சம் பொய் என்று தெரிந்ததும் உனக்கு என் மேல் என்ன தோன்றுமோ அது தோன்றட்டும். இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராமல் போகலாம் என்றும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உனக்கு இது தெரிவதைவிட அது மேல்.

அந்த மூன்றாவது வரியை நீயே பேனாவால் அடித்துவிடு. அப்புறம், கையிருப்பில் அல்ல, மாத வரவில், வீட்டுச் செலவுக்கு நேராக ஒரு சின்ன வரி சேர். அய்யா தருவது, இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. மில் சம்பளம் பதினாலாயிரம், அறை வாடகை, சாப்பாடு, மாத்திரை எல்லாம் போட்டுப் பார்த்து, கூட ஒரு ஐந்நூறு எழுதக் கை போயிற்று, எழுதவில்லை. இது நிச்சயமாக வரும் தொகை. தடைக்காலத்திலும் வரும். ஏதாவது ஒரு மாதம் ஐந்தாம் தேதி தாண்டியும் வரவில்லை என்றால், மறந்துவிட்டேன் என்றோ மனசு மாறிவிட்டேன் என்றோ நினைக்காதே. யாரையாவது அனுப்பி அறைக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்.

அய்யா